சனிக்கிழமைக் குளியல்

"எந்த லேப்டாப் வாங்கட்டும், டீச்சர்?"

கேட்ட சேர்மக்கனிக்கு வயது நாற்பத்தாறு. டீச்சர் என்று அழைக்கப்பட்ட பிலோமிக்கு முப்பத்திரண்டு.

பிலோமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன செய்யறதுக்கு, அண்ணாச்சி?"

"சாப்ட்வேர் எழுத."

"எழுத ஆரம்பிச்சாச்சா?"

"லேப்டாப் வந்த பிறகுதானே ஆரம்பிக்க முடியும்?"

பிலோமி எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே மீன்பிடித் துறைமுகம். கடலுக்குப் போகாத படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.

"இதுல எது நல்ல படகு, சொல்லுங்க."

சேர்மக்கனி கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அந்த நீலம். ஒரு கீறல் கிடையாது. பெயின்ட் அப்படியே இருக்கு."

"அண்ணன் தம்பி சண்டை. கோர்ட்ல கேஸ் நடக்குது. கட்டி முடிச்ச நாள்லேர்ந்து அது கடலுக்கே போனதில்லை."

ஜன்னலை மூடிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவ்வளவுதான் பதில்.

லேப்டாப் கேட்டால் படகைக் காட்டுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே சேர்மக்கனி படி இறங்கினார்.

*

தெற்கே ஒரு துறைமுக ஊர். துறைமுகத்தை ஒட்டி ஐஸ் பேக்டரி. அதன் மாடியில்தான் பிலோமியின் சாப்ட்வேர் கூடம். கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேஜையில் இருக்கும் டம்ளர் நகரும்.

பிலோமி எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் டீச்சர். தன்னைவிடப் பெரியவர்களுக்கும் டீச்சர்.

சேர்மக்கனி சென்னையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பிறர் எழுதிய சாப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. அதில் கெட்டிக்காரர். ஆட்குறைப்பு வந்தபோது கெட்டிக்காரர்களும் சேர்ந்தே போனார்கள்.

ஊருக்கு வந்தவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

ஷார்ஜாவில் மனைவியின் அண்ணன் ஒரு கிடங்கு வேலை பார்த்து வைத்திருந்தார். விசா தயார். போனால் மகள் பள்ளி முடித்து, கல்லூரியும் பாதி தாண்டிய பிறகுதான் வீட்டைப் பார்க்க முடியும்.

இன்னொன்று, விசைப்படகு உரிமையாளர் சங்கம் கேட்ட சாப்ட்வேர்.

விடியற்காலையில் சங்கத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் படகுகள் கடலுக்குப் போகும். மாலையில் திரும்பி வந்து டோக்கனைக் கொடுக்கும். முந்தின வருடம் ஒரு படகு இன்ஜின் நின்று கடலில் மிதந்தது. கூட்டத்தில் அதுவும் வந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் மதியம்தான் தெரிந்தது. ஆட்கள் உயிரோடு திரும்பினார்கள். ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறார்கள்.

அதனால் போன படகு எது, வந்த படகு எது என்று பெரிய டிவியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்றார் சங்கச் செயலர் அமலதாசன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் முதல் நாளே அது ஓட வேண்டும் என்பது அவர் கண்டிஷன்.

"முதல் நாள் ஓடலைன்னா மறுநாள் வராதேயும் வே," என்று சொல்லியிருந்தார்.

ஷார்ஜா மச்சானும் அதே நாளைத்தான் கெடுவாக வைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் வருவதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் சேர்மக்கனி லேப்டாப் தேடினார்.

*

தேடல் சாமானியமாக முடியவில்லை.

ஒன்றில் பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்றார்கள். ஒன்றில் கீபோர்டு வெண்ணெய் மாதிரி என்றார்கள். ஒன்றை வாங்கினால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்கள். சென்னை நண்பர்கள் மூவரிடம் போனில் கேட்டார். ஒருவர் விண்டோஸ் என்றார், ஒருவர் லினக்ஸ் என்றார், மூன்றாமவர் மேக் தவிர வேறு எதைத் தொட்டாலும் தன்னிடம் பேசவேண்டாம் என்றார். யூடியூபில் இரண்டு லேப்டாப்புகளை அக்கம்பக்கம் வைத்துப் பேசும் ஆட்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள்.

பிலோமியின் கூடத்தில் வேலை பார்க்கும் மீரான் வழியில் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரித்தான்.

"என்ன அண்ணாச்சி, ஜாதகம் பொருந்துச்சா? இல்லை இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டுதான் இருக்கீயளா?"

ஒருவழியாக ஒன்று வந்தது. வெள்ளி நிறம், தகடு மாதிரி மெலிசு. வீட்டில் தேங்காய் உடைத்து, குங்குமம் வைத்துத்தான் திறந்தார்.

முதலில் ஒரு இயங்குதளத்தைப் போட்டார். பிடிக்கவில்லை. அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டார். பழையதே தேவலை என்று தோன்றியது. கடைசியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, தினமும் காலையில் எதைத் திறப்பது என்று யோசித்தார். எழுத்து எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு வாரம் போயிற்று.

இருந்தாலும் அவரைக் குறை சொல்லக் கூடாது. அதன் பிறகு உட்கார்ந்து எழுதினார். பிறர் குறையையே இருபது வருடம் பார்த்தவர் என்பதால் அவர் எழுதியதில் குறை கம்மி. தடைக்காலம் பிறந்து, படகுகள் கரைக்கு வந்து, வலைகள் காயத் தொடங்கியபோது சாப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரி மாடிக்குப் போனார்.

அன்று சனிக்கிழமை.

*

படகின் எண்ணைத் தட்டினால் பெயர் வந்தது. டோக்கன் கொடுத்ததும் அது சிவப்பாயிற்று. திரும்பி வந்ததும் பச்சையாயிற்று. பிலோமி முழுவதும் பார்த்தார். நடுவில் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் சேர்மக்கனியிடம் பதில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீய, அண்ணாச்சி."

சேர்மக்கனிக்கு நெஞ்சு நிறைந்தது.

பிலோமி அலமாரியிலிருந்து பழைய கறுப்பு லேப்டாப் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தார். "இதுல ஓட்டுங்க."

ஓடவில்லை.

மறுபடி முயன்றார். சாப்ட்வேர் ஓடத் துணைக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாகக் கேட்டது மெஷின். அது இல்லை என்றது. அதைத் தேடிப் போட்டார். இது இல்லை என்றது. இதையும் போட்டார். முதலில் போட்ட அது சரியான அது இல்லை என்றது. சாயங்காலம் வரை உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியது.

கடைசியில் நிமிர்ந்தார். சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் சொல்லும் வாக்கியத்தை அவரும் சொன்னார்.

"என் மெஷின்ல ஓடுதே, டீச்சர்."

"அப்போ ஒண்ணு செய்யுங்க," என்றார் பிலோமி. "உங்க மெஷினையே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருங்க."

மீரான் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

*

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு.

அங்கே யாருக்கும் சொந்த மெஷின் கிடையாது. சில விண்டோஸ், சில லினக்ஸ், இரண்டு மேக். சனிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒட்ட அழித்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். திங்கட்கிழமை வருகிறவர் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். போன வாரம் விண்டோஸில் பாதியில் விட்ட வேலையை இந்த வாரம் லினக்ஸில் தொடர வேண்டும்.

அதற்கு எண்ணெய்க் குளியல் என்று பெயர். பிலோமி வைத்த பெயர் இல்லை. சனிக்கிழமை என்பதால் அதுவாக ஒட்டிக்கொண்டது.

ஏன் என்று கேட்டவர்களுக்கு பிலோமி காரணம் சொன்னதில்லை. கேட்டவரிடமே மெஷினை நீட்டுவார்.

அன்றைக்கும் சேர்மக்கனி பக்கம் கையை நீட்டினார். "கொடுங்க. குளிப்பாட்டிரலாம்."

சேர்மக்கனி லேப்டாப்பை மடியோடு அணைத்துக்கொண்டார். இது சொந்தக் காசில் வாங்கியது, நான் இந்தக் கூடத்து ஆள் இல்லை, எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று அடுக்கினார். குரல் உயர்ந்தது. துண்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

பிலோமி தடுக்கவில்லை.

வீட்டில் மனைவி தங்கபுஷ்பம் மீன் இல்லாத காலத்துக் கருவாட்டைப் பொரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சேர்மக்கனி ஆவேசமாகச் சொன்னார். சின்னப் பெண், பெரிய ஆளை மதிக்கத் தெரியவில்லை, வருடக்கணக்கான அனுபவம் என்றெல்லாம் சொன்னார். தங்கபுஷ்பம் கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

"அந்த டப்பா இல்லைன்னா உங்களுக்கு வேலை தெரியாதா?"

"தெரியாம?"

"அப்புறம் எதுக்குப் பயப்படுதீய?"

சேர்மக்கனிக்கு அன்று கருவாடு இறங்கவில்லை.

*

அடுத்த சனிக்கிழமை மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. லேப்டாப்பை பிலோமி முன் வைத்தார்.

பிலோமி அதைத் தொடவில்லை. "நீங்களே அழுத்துங்க."

இருபது வருடம் கம்ப்யூட்டரில் பிழைத்த மனிதர். விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றுகொண்டே இருந்தது. கீழே ஐஸ் இயந்திரம் ஒரு சுற்று ஓடி நின்றது.

அழுத்தினார்.

திங்கட்கிழமை பார்த்தால் மெஷின் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. எழுதிய நிரல் மட்டும் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டுவந்து போட்டார். ஓடவில்லை. எந்தப் பொருளை எப்போது போட்டோம், எதற்குப் பிறகு எதைப் போட்டோம் என்பது ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு சாயங்காலம், வேறு எதற்கோ, ஒரு சின்னச் சாமானைப் போட்டிருக்கிறார். மொத்தமும் அதன் தலையில்தான் நின்றிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த வாரம் தீர்ந்தது.

கண்டுபிடித்த மறுநாள் சனிக்கிழமை.

முதல் குளியலில் போன படகுப் பெயர், எண் எல்லாவற்றையும் மறுபடி லேப்டாப்பிலேயே தட்டி வைத்திருந்தார். இரண்டாவது குளியலில் அவை மறுபடியும் போயின. தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவற்றைத் தன் மெஷினில் வைப்பதையே விட்டுவிட்டார். டோக்கன் கணக்கோடு சேர்த்து எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு சர்வரில் வைத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு யோசனை பண்ணினார். அழிப்பதற்கு முன்னால் மெஷின் மொத்தத்தையும் அப்படியே படம் பிடித்த மாதிரி ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். குளியல் முடிந்ததும் நகலைத் திருப்பிப் போட்டார். எல்லாம் பழையபடி வந்துவிட்டது. பெருமையாக பிலோமியிடம் காட்டினார்.

பிலோமி பார்த்தார். "குளிச்சிட்டு அதே அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கீய, அண்ணாச்சி."

அலமாரியிலிருந்து ஒரு மேக்கை எடுத்து நீட்டினார். "இந்தச் சட்டை இவருக்குச் சேருதான்னு பாருங்க."

சேரவில்லை.

அன்றுதான் சேர்மக்கனி வீட்டுக்குப் போகாமல் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கரையில் தச்சர்கள் படகுப் பலகைகளின் இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் முதல் எழுதும் விதமே மாறிவிட்டது. கையால் செய்த ஒவ்வொரு காரியத்தையும் கையை விட்டு இறக்கினார். இன்னின்ன சாமான் வேண்டும், இந்த வரிசையில் வேண்டும், இந்த இயங்குதளம் என்றால் இப்படி, அது என்றால் அப்படி என்று அதையும் நிரலாகவே எழுதினார். ஒரு கட்டளை கொடுத்தால் மெஷின் தானே எல்லாவற்றையும் வரவழைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் வந்தது. லினக்ஸில் பாதியில் நின்றது. திருத்தினார். மேக்கில் வேறு இடத்தில் முரண்டு பிடித்தது. அதையும் திருத்தினார்.

எழுத்து என்ன நிறத்தில் தெரிகிறது என்பதை அவர் கவனித்தே பல நாள் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை பிலோமி வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் சேர்மக்கனியின் வெள்ளி லேப்டாப் ஏற்கெனவே குளித்து, துவட்டி, மேஜையில் இருந்தது. அவர் மீரானோடு சேர்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"நீங்க வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு முடிச்சிட்டேன், டீச்சர்."

பிலோமி ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

*

தடைக்காலம் முடிந்தது.

இருட்டு பிரியும் நேரம். துறைமுகம் முழுக்க இன்ஜின் சத்தமும் டீசல் வாசனையும். சங்க அலுவலக வாசலில் டோக்கனுக்குப் பெரிய வரிசை. மாதக்கணக்கில் கரையில் கிடந்தவர்கள் என்பதால் யாருக்கும் பொறுமை இல்லை. முதலில் போகிறவனுக்குத்தான் நல்ல இடம், நல்ல மீன்.

மேஜைக்குப் பின்னால் சேர்மக்கனி, வெள்ளி லேப்டாப்போடு. பக்கத்தில் அமலதாசன், டோக்கன் பெட்டியோடு. சுவரில் டிவி.

எண்ணைச் சொல்லச் சொல்ல சேர்மக்கனி தட்டினார். டிவியில் பெயர்கள் சிவப்பாக ஏறின. தங்கள் படகின் பெயரைப் பார்த்தவர்கள் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

"ஓடுது வே," என்றார் அமலதாசன்.

அப்போதுதான் அது நடந்தது.

'கடல்ராணி' படகின் ஆள் ஒருவர் ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே வரிசையில் நின்றிருந்தார். தன் படகின் பெயர் டிவியில் ஏறியதும் டோக்கன் வாங்கக் குனிந்தார். பெட்டியும் குனிந்தது. அதில் தேங்கியிருந்த ஐஸ் தண்ணீர் மொத்தமும் மேஜையில் கொட்டியது.

லேப்டாப் ஒரு முறை கண் சிமிட்டியது. பிறகு கறுத்துவிட்டது. டிவியும் கறுத்தது.

பெட்டிக்காரர் முகம் செத்துவிட்டது. பின்னாலிருந்து என்ன ஆச்சு, ஏன் நிற்குது என்று குரல்கள் கிளம்பின. இன்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன.

அமலதாசன் லேப்டாப்பைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தார். இவ்வளவு நேரம் யாருக்கெல்லாம் டோக்கன் கொடுத்தோம் என்பதே இப்போது தெரியாதே என்று அவருக்கு உறைத்தது. முகம் சிவந்தது.

"போச்சு. இனி கையாலயே குடுத்திருவோம். உம்ம சாப்ட்வேரை நீரே வச்சுக்கிடும்."

சேர்மக்கனி எழுந்து நின்றார். லேப்டாப்பைத் தூக்கித் தரையில் வைத்தார். துடைக்கக்கூட இல்லை. கண் அறையைச் சுற்றியது. மூலையில் சங்கத்து மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. திருவிழா நோட்டீஸ் அடிக்கவும், சினிமாப் பாட்டுப் போடவும் வைத்திருந்தது. உப்புக் காற்றில் அதன் பெட்டி துருப்பிடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் காலத்தது என்று அவருக்குத் தெரியாது.

"அது ஓடுமா?"

"அந்தக் கிழமா? ஓடும். எதுக்குக் கேக்கீரு?"

"அண்ணாச்சி, ஒரு டீ சொல்லுங்க. நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாருக்கும் டோக்கன் குடுக்காதீங்க. அதுக்குள்ள வரலைன்னா நானே போயிருதேன்."

அமலதாசன் கொதிக்கக் கொதிக்க, மடமடவென்று டீ குடிக்கிறவர். ஊருக்கே தெரியும். சேர்மக்கனிக்கும் தெரியும்.

டீ வந்தது.

சேர்மக்கனி துருப்பிடித்த பெட்டியின் முன் உட்கார்ந்தார். தன் செல்போனை அதோடு இணைத்து நெட் கொடுத்தார். கீபோர்டில் இரண்டு எழுத்து பதியவே மாட்டேன் என்றன. ஓங்கித் தட்டினார், பதிந்தன. தன் நிரல் இருக்கும் இடத்தைத் திறந்தார். அந்த ஒரு கட்டளையைக் கொடுத்தார்.

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

அமலதாசன் முதல் வாய் குடித்தார்.

பெட்டிக்குள் மின்விசிறி கிரைண்டர் மாதிரி கத்தியது. வரிகள் நின்றன. வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். வரிகள் மறுபடி ஓடின. சேர்மக்கனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்க்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சத்தம், இந்தத் தயக்கம், இந்த வரிகள், எல்லாம் அவர் எத்தனையோ திங்கட்கிழமை பார்த்தவை.

அமலதாசன் டம்ளரைச் சுழற்றினார். அடுத்த வாய்.

சேர்மக்கனி டிவியின் ஒயரைப் பிடுங்கிக் கிழட்டுப் பெட்டியில் செருகினார்.

டிவி விழித்தது.

போன படகுகள் அத்தனையும் சிவப்பில் நின்றன. வரிசை மாறவில்லை, ஒன்றும் குறையவில்லை. கடைசியில் கடல்ராணி.

பெட்டிக்காரர்தான் முதலில் கத்தினார். "ஏல, நம்ம படகுலா!"

வரிசை முழுக்க விசில் பறந்தது. யாரோ ஒருவர் படகில் ஏறி ஹாரனை அழுத்த, மற்றவர்களும் அழுத்தினார்கள். துறைமுகமே ஊதியது.

அமலதாசன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் இன்னும் டீ இருந்தது. அதைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அடுத்த நம்பர் சொல்லுல," என்று வரிசையைப் பார்த்து அதட்டினார்.

*

சாயங்காலம் படகுகள் திரும்பத் தொடங்கின. டிவியில் சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையாயிற்று. முதல் நாள் மீன் வாங்க ஊரே துறைமுகத்துக்கு வந்திருந்தது. ஏலச் சத்தத்தில் காது அடைத்தது.

வெளிச்சம் சாயும்போது பார்த்தால் எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. 'ஆரோக்கியம்'.

வாசலில் நின்றவர்கள் டிவியைப் பார்த்தார்கள். பிறகு கடலைப் பார்த்தார்கள். 'வந்திருக்கும், பார்த்தேன்' என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

அமலதாசன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். இரண்டாவது தடவை கரகரவென்று பதில் வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, நங்கூரம் போட்டிருக்கிறோம். இடத்தைச் சொன்னார்கள். பக்கத்துப் படகு ஒன்று மீன்கூட இறக்காமல் திரும்பிப் போயிற்று.

பொழுது முழுதாய் இறங்குமுன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆட்கள் கரையில் குதித்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து புருஷனின் முதுகில் இரண்டு அடி வைத்தாள்.

சேர்மக்கனி பொத்தானை அழுத்தினார். டிவி முழுக்கப் பச்சை.

அமலதாசன் அவர் தோளில் கை போட்டார். இன்னும் தெற்கே உள்ள துறைமுகத்துச் சங்கத்திலும் போனில் கேட்கிறார்கள், அங்கேயும் போட வேண்டுமாம் என்றார். பிறகு, "நாளைக்கு ஒரு அரை மணி முன்னாடியே வந்திரும் வே," என்றார்.

சேர்மக்கனி வெளியே வந்தார். கால் தரையில் பாவவில்லை.

ஏலத் திட்டின் ஓரத்தில் பிலோமி, கையில் கூடையோடு, ஒரு விளமீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். மீன்காரி இறங்குவதாக இல்லை. பிலோமியும் நகர்வதாக இல்லை.

"டீச்சர், எல்லாப் படகும் வந்திருச்சு."

"பாத்தேன், அண்ணாச்சி. காலையில தண்ணி கொட்டுச்சாமே. மெஷின் என்ன ஆச்சு?"

"ஜம்முனு ஓடுது, டீச்சர். சத்தம்தான் தாங்கலை. நாளைக்கு மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டா சரியாயிரும்."

பிலோமி திரும்பி அவரைப் பார்த்தார்.

"நான் கேட்டது உங்க மெஷினை."

சேர்மக்கனி விழித்தார். தோளைத் தடவினார். லேப்டாப் பை இல்லை. லேப்டாப்பைக் காலையில் தரையில் வைத்ததுதான். அதன் பிறகு என்ன ஆயிற்று, யார் எடுத்து வைத்தார்கள், இன்னும் அங்கேயே கிடக்கிறதா, அவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அதன் நினைப்பே வரவில்லை.

வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. நிறுத்த முடியவில்லை. மீன்காரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிலோமி விளமீனைக் கூடையில் போட்டுக்கொண்டார்.

"ஷார்ஜாவுக்குப் போன் போடுங்க, அண்ணாச்சி. உங்க மச்சான் வேற ஆள் பாக்கணும்லா?"